இடமாற்றமும் துவிச்சக்கர வண்டியும்

உத்தியோகத்தர் ஒருவருக்கு இடமாற்றக் கட்டளை கிடைத்தவுடன் வீட்டில் எழும் முதற் கேள்வி, புதிய ஊரில் வாடகை எவ்வளவு என்பது. அடுத்தது, கந்தோர் எவ்வளவு தூரம் என்பது. துவிச்சக்கர வண்டியிற் சென்றுவர எண்ணுபவருக்கு இவ்விரண்டும் போதா. இடையிலுள்ள பாதை எத்தகையது என்பதையே அவர் முதலில் அறிதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பட்டு, இலங்கையெங்கும் பலர் துவிச்சக்கர வண்டியை நாடியபோதுதான் இவ்வுண்மை பலருக்குப் புலனாயிற்று.

யாழ்ப்பாணம் சமதரையாயிற்றே, அங்கு என்ன இடர் என்று கேட்கலாம். மேடு இல்லை, ஆனாற் காற்று உண்டு. நகரில் வீடெடுத்து, வேலணையிலுள்ள பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியரை எண்ணிப் பார்க்கலாம். பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் இருபுறமும் கடல். ஒதுங்க ஒரு மரமும் இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் வைகாசி தொடங்கிப் பல மாதங்கள் அவர் முகத்தில் அறையும். மாலையில் அதே காற்று முதுகைத் தள்ளி வீடு சேர்க்கும் என்பது உண்மையே. ஆயினும் பாடசாலை மணி காலையில் அல்லவா அடிக்கிறது! அவர் வேலணையிலேயே வீடு பார்ப்பது நன்று.

கண்டியில் நிலைமை வேறு. வாவியைச் சூழ்ந்த குன்றுகளில் வீடெடுப்பவர் காலையில் மிதியாமலே இறங்கிவிடுவார். மாலையில் வண்டியை உருட்டிக்கொண்டே ஏறுவார்.

கொழும்பிலோ தெருவின் எப்பக்கம் என்பதே பெரிது. கொள்ளுப்பிட்டியில் வேலை செய்பவர் வெள்ளவத்தையில் வீடு தேடுகிறார் என்க. காலி வீதிக்குக் கடற்பக்கமாயுள்ள ஒழுங்கையில் வீடு கிடைத்தால், புகையிரதப் பாதையை ஒட்டிய மரைன் டிரைவ் வழியே அவர் செல்லலாம். மறுபக்கத்தில் அதே வாடகைக்கு வீடெடுத்தவர், பேருந்துகள் நெருக்கியடிக்கும் காலி வீதியை நாள்தோறும் இருமுறை குறுக்கே கடக்க வேண்டும். தூரத்தில் வேறுபாடு சொற்பம், ஆபத்தில் மிகுதி.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன் ஒருமுறை அப்பாதையில் மிதித்துப் பார்த்தல் வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் அன்று, வேலைநாட் காலையில். மேல்மாடி வீடாயின், இரவில் வண்டியை எங்கே பூட்டிவைப்பது என்பதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுதல் நலம். நாள்தோறும் மூன்று மாடி தூக்கிச் செல்லவேண்டிய வண்டி, இரண்டாம் மாதத்தில் படிக்கட்டின் கீழே கடற்காற்றிற் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.