தனித்து வாழ்வோரும் நம் குடும்பங்களும்

திருவள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறத்திற்கு ஓர் இயலும் துறவறத்திற்கு ஓர் இயலும் வகுத்தார். மனைவி மக்களோடு வாழ்வோர் ஒரு சாரார். உலகப் பற்றை விட்டவர் மற்றொரு சாரார். ஆயின், காலையில் ஹார்பர் வண்டிக்கு ஓடி, மாதச் சம்பளம் வாங்கி, ஊரிலுள்ள தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்பி, மணமின்றியே வாழ்பவரை எச்சாராரில் சேர்ப்பது? இத்தகையோர் நம் திலக் நகரிலும் பலர் உளர். அவர்களைக் கண்டதும் நாம் கேட்கும் முதற்கேள்வி, "இன்னும் ஆகவில்லையா?" என்பதே. முப்பதைக் கடந்த கட்டைப் பிரமசாரியும் ரயில்வே குமாஸ்தாவுமாகிய யானும் அக்கேள்விக்கு நெடுநாளாக விடை சொல்லி வருபவனே.

இல்லறத்தை இகழ்வது என் நோக்கமன்று. எனினும் ஒன்றை நினைவூட்டலாம். இல்லறத்தின் சிறப்பை நமக்குப் போதித்த ஔவைப்பாட்டியே, கர்ணபரம்பரைக் கதையின்படி, மணத்தைத் தவிர்க்க வேண்டி இளமையிலேயே முதுமையை வரமாகப் பெற்றவர் அன்றோ!

தனி வாழ்வின் நன்மை யாதெனக் கேட்டால், கவலையற்ற உறக்கம், கணக்குக் கேட்பாரற்ற செலவு என்று பலரும் நகைப்புடன் கூறுவர். அவை சிறு நன்மைகளே. பெருநன்மை வேறொன்று. குடும்பஸ்தன் தன் சம்பளம் முழுவதையும் தருமத்திற்கு ஈந்தால் அவன் குழந்தை பசித்திருக்கும். ஆகவே அவன் கையை அடக்கிக்கொள்வதே நியாயம். தனித்தவன் ஈந்தாலோ பசிப்பவன் அவன் ஒருவனே. தன் துணிவின் விலையைத் தானே செலுத்தும் உரிமை அவனுக்கு உண்டு.

இதற்குச் சான்று நெல்லைச் சீமையிலேயே இருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் குமரகுருபர சுவாமிகள் கலைக்கல்லூரியில் நூலகராயிருந்த பாலம் கலியாணசுந்தரம் அவர்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் சம்பளத்தை ஏழைகளுக்கே அளித்தார். தம் உணவிற்கோ உணவு விடுதியில் பரிமாறுதல் முதலிய வேலைகளைச் செய்தார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 2023-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. மனைவி மக்கள் இருந்திருந்தால் இத்தருமத்தை அவர்கள் மீது சுமத்த எவருக்குத்தான் மனம் வரும்?

மணமாகாதவருக்குக் குடும்பமே இல்லை என்போர், டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்களின் வரலாற்றை அறிதல் நலம். 1918-இல் பிறந்த இவர், தந்தை மறைந்தபின் மூத்த மகனாக நின்று தம்பி தங்கையரை ஆளாக்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் கண் அறுவையில் தேர்ந்தார். 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் உடன் உழைத்தனர். 2006-இல் அவர் மறைந்தபோது அவ்விதை பெருமரமாகியிருந்தது. மணம் புரியாத அண்ணனைச் சுற்றியே ஒரு பெருங்குடும்பம் திரண்டதை இங்குக் காண்கிறோம்.

இவர்கள் பெரியோர், நமக்கும் இதற்கும் யாது தொடர்பு எனலாம். பம்பாய்த் தமிழரின் வரலாற்றையே எண்ணிப் பாருங்கள். முதலில் இங்கு வந்திறங்கியவருட் பலர் தனி இளைஞரே. மாதுங்காவில் ஓர் அறையில் நால்வர், ஐவர் எனப் பாய் விரித்தனர். அவரைப் போன்றோர் பசியாற்றுவதற்கென்றே மெஸ்களும் போர்டிங்குகளும் தோன்றின. ராமா நாயக் அவர்கள் 1942-இல் அங்குத் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங்கும் அவற்றுள் ஒன்று. அந்த அறைகளில் இடம் பெற்ற பின்னரே தம்பியும் மைத்துனனும் ஊரிலிருந்து வந்தனர்; குடும்பங்கள் பின்தொடர்ந்தன. தங்கையின் திருமணத்திற்காகத் தம் திருமணத்தைத் தள்ளி வைத்து, இறுதியில் தள்ளியே விட்டவர் எத்தனை பேர்!

பெண்கள் நிலை இதனினும் கடினமானது. வேலைக்குச் செல்லும் மணமாகாத அக்காளின் சம்பளத்தில் வீட்டு வாடகையும் தம்பியின் படிப்பும் நடக்கும். ஆயினும் விசேஷ வீட்டில் அவளை முதிர்கன்னி என்று கிசுகிசுப்பர். அவள் ஈட்டும் பொருள் இனிக்கிறது. அவள் வாழும் வாழ்வு மட்டும் கசக்கிறதா?

தனி வாழ்வில் துன்பம் இல்லையென்று கூறேன். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைப்பார் இல்லை. இந்நகரில் பிரமசாரி என்றாலே வீடு தரத் தயங்கும் சங்கங்கள் பல. முதுமையோ இன்னும் பெரிய வினா. ஆகவே தனித்திருப்போர் சம்பளம் முழுவதையும் பிறருக்கே இறைத்துவிடாமல், தம் முதுமைக்கும் ஒரு பங்கு வைத்தல் வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் உரிய நியமனத்தை எழுதித் தந்திருக்கிறோமா என்று அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்ப்பதும் நன்று. கொடுப்பவர் கை நிலைத்திருந்தால்தான் கொடையும் நிலைக்கும்.

குடும்பஸ்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவிற்குப் பந்தல் போடவும் நாற்காலி சுமக்கவும் மட்டும் இவர்களை அழையாதீர்கள். பந்தியிலும் சபையிலும் உரிய இடம் தாருங்கள். "எப்போது கல்யாணம்?" என்பதற்குப் பதிலாக, "சாப்பிட்டாயா, அண்ணா? உடம்பு எப்படி?" என்று கேளுங்கள். இரண்டு நாள் கதவு திறவாதிருந்தால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். இவர்கள் உங்களிடம் இரக்கத்தை வேண்டவில்லை. அக்கம்பக்கத்தாருக்குரிய அன்பையே வேண்டுகின்றனர்.