தாத்தாவோட மேசையும் ஒரு குட்டிப் பூச்சியும்

போன மாசம் ஒரு தப்பு பண்ணேன். அதைவிடப் பெரிய தப்பைப் பண்ணப் போனப்ப ஒருத்தர் தடுத்துட்டார். இன்னைக்கு அந்தக் கதைதான்.

தாத்தாவோட பழைய தேக்கு மேசை மேல சூடான காபி டம்ளரை வெச்சுட்டேன். எடுத்துப் பார்த்தா வெள்ளையா ஒரு வட்டம். துடைச்சும் போகல. மொத்தமா சுரண்டிட்டு புது வார்னிஷ் அடிக்கலாம்னு ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் பஞ்சுல ஸ்பிரிட் நனைச்சு, மேசையோட மறைவான ஓரத்துல தேய்ச்சார். பிசுபிசுன்னு ஆச்சு. "தம்பி, இது அரக்கு பாலிஷ். சுரண்டிடாதீங்க"ன்னார்.

அரக்குன்னா எனக்குப் புடவை நிறமும், பாரதக் கதையில எரிஞ்சுபோன மாளிகையும்தான் தெரியும். ரெண்டுக்கும் பேர் கொடுத்தது ஒரு குட்டிப் பூச்சி!

புரசு, இலந்தை மாதிரி மரங்களோட இளங்கிளையில அரக்குப் பூச்சிகள் கூட்டமா ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சும். பெண் பூச்சிகள் தங்களைச் சுத்தி ஒரு பிசினைச் சுரந்து கூடு மாதிரி மூடிக்கும். இந்தியாவுல இதுக்குப் பேர்போன இடம் ஜார்க்கண்ட். ராஞ்சி பக்கத்துல நாம்கும்ல 1924லேயே இதுக்குன்னு ஆராய்ச்சி நிலையம் வந்துடுச்சு.

கிளையோட வெட்டி எடுத்தா அது கொம்பரக்கு. சுரண்டி, நொறுக்கி, தண்ணியில கழுவினா சிவப்புச் சாயம் தனியா போயிடும். மிஞ்சுறது குருணை மாதிரி இருக்கும். பழைய முறையில அதை நீளமான துணிப்பையில அடைச்சு, கரி நெருப்பு முன்னாடி காட்டி முறுக்குவாங்க. உருகிக் கசியுறதை வட்ட வட்டமா ஊத்தினா பட்டன் அரக்கு. சூடு ஆறுறதுக்குள்ள கை, கால், பல்லால கூட இழுத்து மெல்லிய தகடாக்கி, உடைச்சா அவலரக்கு. அவல் மாதிரியே இருக்கும். இதைத்தான் ஷெல்லாக்னு சொல்றோம்.

பழைய 78 ஆர்பிஎம் இசைத்தட்டுல இதுதான் இருந்துச்சு. சில மாத்திரை, சாக்லேட் மேல இருக்குற பளபளப்பும் இதுதான். பாக்கெட்ல ஈ904னு போட்டிருக்கும். வீகனா இருக்கறவங்க கவனிங்க.

சூடும் ஸ்பிரிட்டும் அரக்குக்கு ஆகாது. ஆனா அந்த பலவீனம்தான் பலமும். புதுசா பூசுற அரக்கு, பழைய பூச்சை லேசா கரைச்சு அதோட ஒண்ணாயிடும். அதனால முழுசா சுரண்ட வேண்டியதில்லை. ஆசாரி வட்டத்து மேல ஸ்பிரிட் துணியால மெல்லத் தடவி, அவலரக்குக் கரைசலைப் பல தடவை பூசினார்.

வட்டம் போயிடுச்சு. தாத்தா காலத்துப் பூச்சு அடியில அப்படியே இருக்கு. இப்ப டம்ளருக்கு அடியில ஒரு கோஸ்டரும் இருக்கு.