குளிர்காலம் சொல்லும் கம்பளிப்பூச்சி

வட அமெரிக்கக் கிராமங்களில் இலையுதிர் காலம் வந்துவிட்டால், அடுத்து வரும் குளிர் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பல வழிகள் உண்டு. வெங்காயத் தோல் தடித்திருந்தால் கடுங்குளிர். ஓக் மரம் வழக்கத்தைவிட அதிகமாகக் காய்த்தாலும் அப்படியே. பெர்சிமன் பழக் கொட்டையைப் பிளந்து, உள்ளே இருக்கும் முளை கரண்டி வடிவில் தெரிந்தால் பனியை அள்ளிப் போட ஆயத்தமாகுங்கள் என்பார்கள். இவற்றில் மிகவும் பேர்பெற்றது ஒரு கம்பளிப்பூச்சி.

இசபெல்லா புலி அந்துப்பூச்சியின் புழுப் பருவம் அது. ஏறக்குறைய இரண்டு அங்குல நீளம். உடலெங்கும் விறைத்த மயிர். தலைப்பக்கமும் வால்பக்கமும் கறுப்பு, நடுவில் செம்பழுப்புப் பட்டை. நம் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிபோல இது பெரும்பாலானோருக்கு அரிப்பு தருவதில்லை. தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதனால் குழந்தைகள்கூடக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். நடுப்பட்டை அகலமாக இருந்தால் குளிர் மிதமாக இருக்கும், குறுகியிருந்தால் கடுமையாக இருக்கும் என்பது நம்பிக்கை.

இதைச் சோதித்துப் பார்க்க முன்வந்தவர், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியலாளர் ஹோவர்ட் கரன். 1948 இலையுதிர் காலத்தில் நகருக்கு வடக்கே பேர் மலைக்குப் போனார். கிடைத்த புழுக்களைச் சேகரித்து, உடலின் 13 கண்டங்களில் எத்தனை செம்பழுப்பு என்று எண்ணினார். அடுத்து வந்த சில ஆண்டுகளும் இதைத் தொடர்ந்தார். சராசரி ஐந்தைத் தாண்டியது. குளிரும் மிதமாகவே அமைந்தது. நியூயார்க் நாளிதழ் ஒன்றில் செய்தி வந்ததும் புழு நாடறிந்ததாகிவிட்டது. ஆனால் எண்ணிய புழுக்கள் மிகக் குறைவு, அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பது கரனுக்கே தெரிந்திருந்தது.

இன்றும் இந்தப் புழுவுக்கு விழா எடுக்கிறார்கள். ஒஹையோ மாநிலத்து வெர்மிலியன் விழா, டிக் கோடார்ட் என்ற தொலைக்காட்சி வானிலையாளர் 1973இல் தொடங்கிவைத்தது. வட கரோலினாவின் பேனர் எல்க் ஊரில் தொங்கவிட்ட நூலில் புழுக்களை ஏறவிட்டுப் போட்டி நடத்துகிறார்கள். வென்ற புழுவின் 13 கண்டங்கள் குளிர்காலத்தின் 13 வாரங்கள் என்று வைத்துக்கொண்டு, வாரவாரியாகக் கணிப்புச் சொல்கிறார்கள்.

பட்டையின் அகலம் உண்மையில் எதனால் மாறுகிறது? முதன்மையாக வயதினால். புழு பல முறை தோலுரித்து வளர்கிறது. ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் கறுப்பு சுருங்கிச் செம்பழுப்பு அகலும். வளர்ந்த இடத்தின் ஈரமும் நிறத்தை மாற்றும். எனவே அகன்ற பட்டை என்றால், சீக்கிரம் பிறந்து நன்றாகத் தின்று வளர்ந்த புழு என்று கொள்ளலாம். அதன் உடலில் எழுதியிருப்பது கடந்துபோன மாதங்களின் வரலாறு. வரப்போகும் குளிரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு, அந்தக் குளிரை இந்தப் புழு கடக்கும் விதம். பல பூச்சிகள் முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ குளிர்காலத்தைக் கழிக்கும். இது புழுவாகவே சருகுக்கும் மரப்பட்டைக்கும் அடியில் ஒடுங்குகிறது. குளிர் ஏற ஏற உடலில் கிளிசரால் சேர்கிறது. பிறகு உடல்நீர் உறைகிறது. பனிக்கட்டி செல்களுக்கு வெளியே உருவாவதாலும், செல்களைக் கிளிசரால் காப்பதாலும் புழு சாவதில்லை. வசந்தத்தில் உருகி எழுந்து, கொஞ்சம் மேய்ந்து, தன் மயிரையே கலந்து கூடு பின்னி, அந்துப்பூச்சியாக வெளிவருகிறது. ஒரே உறைவாகக் கிடப்பதைவிட, உறைவதும் உருகுவதுமாகத் திரும்பத் திரும்ப நடப்பதுதான் இதற்குக் கேடு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே ஒரு நாள் வெயில், மறுநாள் பனி என்று தடுமாறும் குளிர்காலம் இதற்கு ஆபத்தானது.

டொரன்டோவிலோ நியூ ஜெர்சியிலோ வசிக்கும் வாசகர்கள் அக்டோபரில் நடைபாதையைக் கடந்து ஓடும் இந்தப் புழுவை எளிதாகக் காணலாம். பார்த்தால் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பட்டையை எண்ணியும் பாருங்கள். பிறகு விட்டுவிடுங்கள். தோட்டத்து மூலையில் உள்ள சருகுக் குவியலை மட்டும் வசந்தம் வரும்வரை வாரிக் கொட்டாதீர்கள். குளிர்காலம் முழுவதும் அதற்கு அதுதான் இருப்பிடம்.