பாறையில் ஒரு வரைபடம்

ஆல்ப்ஸ் மலையில் மரங்கள் முளைக்காத உயரத்துக்கு ஏறினால், கிரானைட் பாறைகளின் மேல் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் திட்டுத்திட்டாக ஏதோ படர்ந்திருக்கும். ஒவ்வொரு திட்டையும் சுற்றி ஒரு கறுப்புக் கோடு. நாடுகளும் எல்லைகளும் போட்ட வரைபடம் மாதிரியே இருப்பதால், இதற்கு வரைபட லைக்கன் என்று பெயர்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் இன்னும் அழகு! வெயிலில் வெடித்த குளத்து மண் போல, திட்டு முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டங்களுக்கு இடையில் கறுப்பு வட்டுகள். வித்துகள் உருவாவது அந்த வட்டுகளில்தான்.

இது வளரும் வேகத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்றைப் பார்த்தால், அதற்குப் பல நூறு வயது இருக்கலாம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ரோலண்ட் பெஷல் 1950-இல் இந்த மெதுவான வளர்ச்சியையே கடிகாரமாக்கினார். பனியாறு உருகிப் பின்வாங்கியதும் வெளியே தெரியும் பாறைகளில் லைக்கன் குடியேறும். அங்கே உள்ள மிகப் பெரிய திட்டை அளந்தால், பனி எப்போது விலகியது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

சரி, இது செடியா, பாசியா? 1753-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ், லைக்கன்களைப் பாசிகளோடு சேர்த்தார். 1867-இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர், "லைக்கன் என்பது ஒரே உயிர் இல்லை, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்கின்றன" என்றார். அன்றைய லைக்கன் நிபுணர்கள் பலர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. உள்ளே இருக்கும் பாசி வெயிலில் உணவு சமைக்கிறது. இந்தக் கூட்டு எவ்வளவு உறுதியானது தெரியுமா? 2005-இல் வரைபட லைக்கனை விண்கலத்தில் ஏற்றி, சுமார் இரண்டு வாரம் திறந்த விண்வெளியில் வைத்தார்கள். பூமிக்குத் திரும்பியதும் அது மறுபடி உணவு தயாரிக்கத் தொடங்கிவிட்டது!

இரண்டு உயிர் என்றால் பெயர் யாருக்கு? பூஞ்சைக்குத்தான் என்பது அறிவியல் விதி. ஆகவே வரைபட லைக்கனின் வகைப்பாடு இப்படிப் போகும்: உலகம் பூஞ்சைகள், தொகுதி ஆஸ்கோமைக்கோட்டா, வகுப்பு லெக்கனோரோமைசீட்ஸ், வரிசை ரைசோகார்ப்பேல்ஸ், குடும்பம் ரைசோகார்ப்பேசி, பேரினம் ரைசோகார்ப்பான். சிற்றினத்தின் முழுப்பெயர் ரைசோகார்ப்பான் ஜியோகிராபிகம்.

அந்தக் கறுப்புக் கோட்டை மறுபடி பாருங்கள். அதில் பாசியே கிடையாது, முழுக்கப் பூஞ்சை இழைகள். கறுப்பு வட்டுகளிலிருந்து பறக்கும் வித்தும் பூஞ்சையுடையதுதான். அது போய் விழும் பாறையில் தனக்கேற்ற பாசியைச் சந்தித்தால்தான் புது லைக்கன் உருவாகும். அந்தப் பாசிக்கோ டிரெபூக்சியா என்று வேறு பெயர். பச்சைப் பாசிகளின் வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம்.