கூலியும் நியாயமும் – 9: ஐந்து டாலருக்கு முந்தைய அக்டோபர்

"ஆள் நிக்கவே மாட்டேங்குறாங்க" என்று புலம்பாத முதலாளி இல்லை. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஹென்றி ஃபோர்டின் கார் ஆலைக்கும் 1913-ல் இதே தலைவலிதான். 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரு வருஷத்தில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. மார்ச் மாதம் மட்டும் 7,300 பேர் போனார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. தொடர்ந்து ஐந்து நாள் தலைகாட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவது ஆலையின் வழக்கம். அப்படித்தான் அவர்கள் கணக்கு முடிந்தது.

ஃபோர்டு என்றதும் எல்லோரும் 1914 ஜனவரி 5-ஐச் சொல்வார்கள். நாளுக்கு 2.34 டாலராக இருந்தது 5 டாலர் ஆனது, ஒன்பது மணி நேர வேலை எட்டாகக் குறைந்தது. ஆலை வாசலில் கூட்டம் முண்டியடித்து, கடுங்குளிரில் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டும் அளவுக்குப் போனது. பெரிய சேதிதான். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, 1913 அக்டோபரில் நடந்ததை யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

அதுவரை அந்த ஆலையில் 69 விதமான கூலி விகிதங்கள். பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு வேறு வேறு சம்பளம். யாருக்கு எவ்வளவு என்பது ஃபோர்மேன் மனசைப் பொறுத்தது. அவருக்குப் பிடிக்காவிட்டால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடலாம். ஏன் என்று கேட்க நாதி கிடையாது. ஜான் ஆர். லீ என்ற அதிகாரி இதை ஆராய்ந்து, 69-ஐ எட்டாகச் சுருக்கினார். திறமைக்கு ஏற்ற படிநிலை வந்தது. வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் ஃபோர்மேன் கையிலிருந்து போனது. ஒருவரை அவர் தன் பிரிவிலிருந்து அனுப்பலாம், அவ்வளவுதான். அந்த ஆளை வேறு பிரிவில் போட்டுப் பார்ப்பது வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பு. கூலியும் சராசரியாக 13 சதவீதம் ஏறியது. நாளைக்கும் வேலை இருக்கும், அது ஒருவரின் கோபத்தில் தொங்கவில்லை என்ற நிம்மதிக்கு எத்தனை டாலர் விலை போடுவது?

1915-ல் ஆள் மாறும் விகிதம் 370 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு வந்தது. ஐந்து டாலருக்கு இதில் பெரும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. அதற்காக வேலை லேசாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். கார் பாகங்கள் நகர்ந்து வரும் வரிசையில் நின்று வேலை பார்த்த கணவர், வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட முடியாமல் சாய்ந்துவிடுகிறார் என்று 1914-லேயே ஒரு மனைவி ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார். பணம் வரம்தான், ஆனால் உயிரைக் கொடுத்துத்தான் அதைச் சம்பாதிக்கிறார்கள் என்பது அவர் ஆதங்கம்.

அந்த ஐந்து டாலரும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1916 வரை பெண்கள் அதில் சேர்த்தி இல்லை. ஆண்களிலும், ஆறு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். 2.34 டாலர்தான் கூலி. மிச்சம் 'லாபப் பங்கு'. அது வேண்டுமென்றால் ஒழுங்காக வாழ்கிறீர்கள் என்று நிரூபிக்க வேண்டும். குடிப்பழக்கம் உண்டா, வங்கியில் சேமிப்பு எவ்வளவு, வீடு சுத்தமா, வாடகைக்கு வெளியாளை உடன் வைத்திருக்கிறீர்களா என்று கேட்க கம்பெனி அதிகாரிகள் வீடு தேடி வந்தார்கள். ஃபோர்மேனிடமிருந்து பறித்த அதிகாரம் இப்படித் தொழிலாளியின் சமையலறை வரை வந்துவிட்டது. அந்த விசாரணையைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)