பாட்டில் ஏன் வெடித்தது: ஒரு கணக்கு

போன மே மாசம் ராத்திரி ரெண்டேகால் மணிக்கு எங்கள் சமையலறையில் ஒரு பாட்டில் வெடித்தது. ராயபுரத்தில் அந்த நேரத்துக்குச் சத்தம் கேட்டால் முதலில் டிரான்ஸ்பார்மர் என்றுதான் நினைப்போம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வீடெல்லாம் இஞ்சி வாசனை, தரை முழுக்கப் பிசுபிசுப்பு, எதிர்ச்சுவரில் காலண்டரைக் கிழித்துக்கொண்டு ஒரு கண்ணாடித் துண்டு. கரண்ட் போகும் நாட்களில் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு, கடல் காற்றுக்காக என் மகள் பாய் விரித்துப் படுப்பது அந்தக் காலண்டருக்கு நேர் கீழேதான். அன்றைக்குக் கரண்ட் இருந்தது.

வெடித்தது நான் போட்டுவைத்த இஞ்சி பானம். இஞ்சி, சர்க்கரை, தண்ணீர், இஞ்சித் தோலில் இருந்தே வளர்த்த ஈஸ்ட். ரெண்டு நாள் வாயைத் துணியால் கட்டி வைத்துவிட்டு, மூன்றாம் நாள் பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடினேன். காலையில் தெருமுனை சோடா கடைக்காரரிடம் சொன்னேன். முப்பது வருஷமாகக் கோலி சோடா போடுகிறவர். "நான் போடுற சோடாவுல உசுரு கெடையாது தம்பி. நீ உசுரோட உள்ள வெச்சு வாயக் கட்டிட்டே. அது சும்மா இருக்குமா?" என்றார். அதற்குப் பிறகு நான் படித்ததும் கணக்குப் போட்டதும் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு விளக்கவுரைதான்.

இந்த விஷயத்தில் அதிகம் யோசித்தவர்கள் வீட்டில் பியர் செய்கிறவர்கள். ஆனால் தமிழ்நாட்டில் அதைச் செய்துபார்க்க முடியாது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பியர் செய்வது குற்றம், சொந்த உபயோகத்துக்கு என்றாலும். சிங்கப்பூரில் அப்படியில்லை. ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரை, விற்காமல், சொந்தக் குடிக்காகச் செய்துகொள்ளலாம். காய்ச்சி வடிக்க மட்டும் கூடாது. என் பெரியப்பா பையன் அங்கே இருக்கிறார். அடுக்குமாடி வீட்டில் ஒரு மூலையில் 20 லிட்டர் வாளி வைத்துப் பியர் செய்கிறார். என் பாட்டில் வெடித்த கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "என் வீட்டு சீலிங்கைப் பார்க்கிறியா?" என்று ஒரு படம் அனுப்பினார். மூடியைத் திறந்ததும் பியர் நீரூற்று மாதிரிப் பீய்ச்சியடித்த கறை.

ரெண்டு பேர் செய்ததும் ஒரே தப்பின் ரெண்டு அளவுகள்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் கிட்டத்தட்ட சரிபாதி எடையில் வெளியே விடுகிறது. 10 கிராம் சர்க்கரை தின்றால் சுமார் 5 கிராம் வாயு. இது நமக்குப் புதிதில்லை. இட்லி மாவு பொங்குவதும் வாயுவால்தான், அங்கே வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா. மாவை யாராவது விளிம்பு வரை ஊற்றி இறுக்கி மூடி வைப்பார்களா? பாதிப் பாத்திரம் விட்டு, தட்டைச் சும்மா மேலே வைப்பார்கள். பனைமரத்துக் கலயத்தில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். சுண்ணாம்பு செய்வது ஈஸ்ட் வேலை செய்ய முடியாதபடி காரத்தன்மையை ஏற்றுவதுதான். நொதிப்பதைத் தடுக்கவும் தெரியும், நொதிக்க விட்டால் வாயுவுக்கு வழிவிடவும் தெரியும். பாட்டிலும் இறுக்கமான மூடியும் வந்த பிறகுதான் தொந்தரவு.

இப்போது அழுத்தம். பஞ்சர் கடைக் கணக்கில் சொல்கிறேன், அதுதான் எல்லாருக்கும் புரியும். கார் டயருக்கு 32 பவுண்டு காற்று. நல்ல பியர் ஒரு லிட்டரில் சுமார் இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருக்கும். அந்தப் பாட்டில் ஃபிரிட்ஜில் 5 டிகிரியில் இருந்தால் உள்ளே 11 பவுண்டுதான். 20 டிகிரியில் 27. நம் ஊர் அலமாரியில் 32 டிகிரியில் 43. அதே பாட்டில், அதே வாயு. சூட்டில் தண்ணீர் வாயுவைப் பிடித்துவைக்காமல் மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். குளிர்நாட்டில் எழுதிய செய்முறையை எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஓட்டினால் முதல் வித்தியாசம் இங்கேயே வந்துவிடும்.

என் ஸ்குவாஷ் பாட்டிலுக்கு வருவோம். லிட்டருக்கு 90 கிராம் சர்க்கரை போட்டிருந்தேன். மூடிய பிறகு அதில் 20 கிராம் தின்றிருந்தால்கூட லிட்டருக்கு ஐந்து லிட்டருக்கும் மேல் வாயு. 34 டிகிரியில் அது 110 பவுண்டைத் தாண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரி டயரில் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். லாரி டயர் அளவுக் காற்றை, ஆரஞ்சு ஸ்குவாஷுக்காகச் செய்த கண்ணாடியில் அடைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். வெடித்தது ஆச்சரியமில்லை. ரெண்டேகால் மணிவரை தாங்கியதுதான் ஆச்சரியம்.

பியர் செய்கிறவர்கள் இதிலிருந்து தப்பிப்பது ஒரு எளிய ஒழுக்கத்தால்: சர்க்கரை தீர்ந்த பிறகே பாட்டில். தீர்ந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் ஹைட்ரோமீட்டர். பேட்டரி கடையில் ஆசிட்டில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் போடுவார்களே, அதே சாமான். தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்த திரவம் அடர்த்தி அதிகம், குழாய் மேலே மிதக்கும். மால்ட் வேகவைத்து இறக்கிய கஞ்சி 1.048 காட்டுகிறது என்று வையுங்கள். ஈஸ்ட் தின்னத் தின்ன எண் இறங்கி 1.012 பக்கம் வந்து நிற்கும். முழுக்க 1.000 வராது, ஏனென்றால் மால்ட்டில் ஈஸ்ட் தொடாத சர்க்கரைகளும் உண்டு. முதல் எண்ணில் கடைசி எண்ணைக் கழித்து 131 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம்: இங்கே சுமார் 4.7.

அண்ணன் ஹைட்ரோமீட்டர் வைத்திருந்தார். அப்படியும் சீலிங் நனைந்தது. ஏன் என்று ரெண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீடியோ காலில் உட்கார்ந்து தேடினோம். செய்முறையில் 1.012 என்று இருந்தது. ஐந்தாம் நாள் ஒரே ஒரு தடவை பார்த்தார், 1.012 காட்டியது, மூடிவிட்டார். கருவியின் தாளில் பொடி எழுத்தில் இருந்ததை அவர் படிக்கவில்லை: அளவு 20 டிகிரிக்குக் குறித்தது. அவர் வாளி 31 டிகிரியில் இருந்தது. சூடான திரவம் லேசாகும், குழாய் கூடுதலாக அமிழும், எண் குறைத்துக் காட்டும். 31 டிகிரிக்கு 0.003 கூட்ட வேண்டும். அதாவது உண்மையில் 1.015. இன்னும் மூன்று புள்ளி பாக்கி.

மூன்று புள்ளியா, போனால் போகட்டும் என்று தோன்றும். ஒவ்வொரு புள்ளிக்கும் லிட்டருக்கு அரை லிட்டர் வாயு என்று கணக்கு. மூன்றுக்கு ஒன்றரை லிட்டர். பாட்டிலில் பொங்கு வருவதற்காகக் கடைசியில் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை எல்லாரும் போடுவார்கள், அது இன்னொரு ஒன்றரை. ஏற்கெனவே கரைந்திருப்பது கொஞ்சம். மொத்தம் 3.7. சாதாரண பியர் பாட்டிலில் 3-க்கு மேல் நம்பக்கூடாது. அவருடைய பாட்டில்களில் பெரும்பாலானவை தாங்கி, திறக்கும்போது பீய்ச்சின. ரெண்டு மட்டும் பெட்டிக்குள்ளேயே போய்விட்டன.

ஆக, ஒரு தடவை பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை. சூட்டைத் திருத்தி, மூன்று நாள் விடாமல் ஒரே எண் வந்தால்தான் முடிந்தது என்று அர்த்தம். பார்க்குமுன் எடுத்த மாதிரியை நன்றாகக் கலக்கி வாயுவை விரட்ட வேண்டும், இல்லாவிட்டால் குமிழிகள் குழாயை மேலே தூக்கி எண்ணைக் கூட்டிக் காட்டும். மூடியில் பொருத்தும் ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, அதனால் முடிந்தது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். வாளி மூடியில் சின்னக் கசிவு இருந்தாலே குமிழி நிற்கும். முடிந்துபோன வாளியில் மதிய வெயில் ஏறினால் கரைந்த வாயு வெளியேறி மறுபடி குமிழி வரும். நான் அதை வேடிக்கை என்ற வகையில் மட்டும் சேர்ப்பேன்.

சூடு இன்னொரு வகையிலும் எதிரி. சாதாரண ஏல் வகை ஈஸ்ட்டுக்குப் பிடித்தது 18, 20 டிகிரி. 30-ல் தலைதெறிக்க ஓடும், கண்ட வாசனையும் விடும். வெள்ளைக்காரர்கள் இதை நம்மிடம் பட்டுத்தான் கற்றார்கள். அவர்கள் காலத்தில் இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்த பியர் பீப்பாய்கள், சென்னையில் துறைமுகமே இல்லாததால், அலைக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலிலிருந்து மசூலா படகுகளில்தான் கரைக்கு வந்தன. துறைமுக வேலை 1870-களில்தான் தொடங்கியது. தென்னிந்தியாவில் தாங்களே பியர் ஆலை வைக்க நினைத்தபோது அவர்கள் ஏறியது நீலகிரிக்கும் பெங்களூருக்கும். 1915-ல் தாமஸ் லெய்ஷ்மன் ஐந்து ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் புருவரீஸை உண்டாக்கியபோது அதில் நீலகிரி ஆலையும் இருந்தது. குளிரூட்டும் இயந்திரம் சாதாரணமாகும் வரை மலைதான் ஃபிரிட்ஜ். அண்ணன் கடைசியில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கித் தெர்மோஸ்டாட் மாட்டினார்.

பாட்டிலில் வரும் மற்ற கோளாறுகளுக்கு அவர் வாயால் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வாளியில் சில பாட்டில் சப்பென்றும் சில பாட்டில் பீய்ச்சியும் இருந்தால், கடைசிச் சர்க்கரை சரியாகக் கலக்கவில்லை. கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து ஊற்ற வேண்டும், தேக்கரண்டியால் பாட்டில் பாட்டிலாகப் போடக்கூடாது. எல்லாமே சப்பென்று இருந்தால் மூடி அழுந்தவில்லை, அல்லது அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் வைத்து ஈஸ்ட்டைத் தூங்கவைத்துவிட்டீர்கள். முதல் ரெண்டு வாரம் சரியாக இருந்து, போகப்போகப் பீய்ச்சல் கூடினால், கழுவாத குழாயிலோ பாட்டிலிலோ வேறு கிருமி புகுந்திருக்கிறது. நல்ல ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையையும் அது தின்னும். அந்தப் பாட்டில்களைக் காப்பாற்ற நினைக்கக்கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, தடித்த துண்டால் மூடி, முழுக்கக் குளிரவைத்துத் திறந்து கொட்டிவிட வேண்டும்.

என் இஞ்சி பானத்துக்கு இந்த ஒழுக்கம் உதவாது என்பதுதான் எனக்கு உறைத்த இடம். பியரில் சர்க்கரை தீர்ந்த பிறகு மூடுகிறோம். இஞ்சி பானத்தில் இனிப்பு வேண்டும் என்பதற்காகவே தீருமுன் மூடுகிறோம். 90 கிராமும் மூடிய பாட்டிலுக்குள் தின்னப்பட்டால் லிட்டருக்கு 23 லிட்டர் வாயு. எந்தப் பாட்டிலும் நிற்காது. நடுவில் நிற்பது ஃபிரிட்ஜ் மட்டும், அதுவும் ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, மந்தப்படுத்துகிறது. செய்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடி வேண்டாம், கூல்டிரிங்க் வந்த பிளாஸ்டிக் பாட்டில் போதும். விரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜ், ரெண்டு மூன்று நாளில் குடித்துத் தீர்த்துவிட வேண்டும். மே மாசத்தில் கல்லாக ஒரு நாள்கூட ஆகாது.

இதோடு விட்டிருப்பேன். கணக்கை இன்னொரு வரி நீட்டியதில் ஒன்று தெரிந்தது. பியர் அளவு பொங்கு, அதாவது இரண்டரை லிட்டர் வாயு, ஈஸ்ட்டால் மட்டுமே வர வேண்டும் என்றால் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை போக வேண்டும். கூடவே பிறக்கும் ஆல்கஹால் 0.6 சதவீதத்துக்கு மேல். துணி கட்டி வைத்த முதல் ரெண்டு நாளில் வந்தது தனி. உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகளில் 0.5-ஐத் தாண்டினால் அது மதுபானம். "வீட்டில் செய்த இயற்கை ஜிஞ்சர் பியர், குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்" என்று வீடியோ போடுகிறவர்கள் ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கிப் பார்க்கலாம். நானும் மகளுக்கு அரை டம்ளர் கொடுத்தவன்தான்.

சோடா கடைக்காரரின் "உசுரு கெடையாது" இப்போது சரியாகப் புரிகிறது. கோலி சோடாவில் வாயு சிலிண்டரிலிருந்து வருகிறது. தின்ன ஈஸ்ட் இல்லை. அடைத்த நிமிஷத்தில் என்ன வாயுவோ கடைசிவரை அதுதான், வெயிலில் வைத்தால் அழுத்தம் ஏறுமே ஒழிய வாயு கூடாது. ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியை ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிக்கொள்ளும். இதில் ஒரு சுற்றும் இருக்கிறது: ஜோசப் பிரீஸ்ட்லி 1767-ல் தண்ணீரில் முதலில் வாயுவை ஏற்றியது லீட்ஸ் நகரத்து பியர் ஆலையில், நொதிக்கும் தொட்டிக்கு மேலே எழும் வாயுவைப் பிடித்துத்தான்.

இப்போது சாயங்காலம் ரெண்டு கோலி சோடா, இஞ்சிச் சாறு, எலுமிச்சை, உப்பு. மகளுக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

போன வாரம் அண்ணன் மூன்று படம் அனுப்பினார், மூன்று நாள், மூன்றிலும் 1.011.

"மூடலாமாடா?"

"எத்தன டிகிரில பாத்த?"

"பத்தொன்பது."

"கலக்கிட்டுப் பாத்தியா?"

"கலக்கிட்டேன்டா, வாத்தியாரே."

"அப்ப மூடுண்ணா."