பலகைத் தளம் பேணல்

கெடிலக் கரையில் அமைந்துள்ள திருவதிகை, அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. இத்தலத்துத் திருக்கோயிலில் திலகவதியார் நாள்தோறும் பொழுது புலருமுன் அலகிட்டு, சாணத்தால் மெழுகித் தொண்டாற்றினார் எனப் பெரியபுராணம் கூறுகின்றது. கட்டடம் எடுத்தல் போன்றே, எடுத்த கட்டடத்தைப் பேணுதலும் நம் முன்னோரால் அறமாகப் போற்றப்பட்டது.

பேணப்படாத கட்டடம் விரைவில் அழியும். மரக்கட்டடம் அதனினும் விரைவில் அழியும். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இன்றிக் குடைவரைக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் குறித்துள்ளான். அவனுக்கு முற்பட்ட கோயில்கள் இப்பொருள்களால் ஆயின என்பதும், அவை நிலைபெறாது போயின என்பதும் இதனால் உய்த்துணரப்படும்.

ஆயின், மரம் நிலையாப் பொருள் எனத் தள்ளிவிடலாமோ? குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை இதற்கு விடை கூறும். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராய் விளங்கிய அவ்வூரில், மார்த்தாண்டவர்மர் காலத்தில் 1750ஆம் ஆண்டளவில் எழுந்த உப்பரிகை மாளிகை இன்றும் நிற்கின்றது. திருவதிகையை அடுத்த பண்ருட்டி பலாவுக்குப் பெயர் பெற்றது. தஞ்சை வீணைக்கு வேண்டிய கட்டை அப்பகுதியினின்று செல்வது பலரும் அறிந்ததே. அத்தகைய பலாமரத்தில் நுண்ணிதின் இழைக்கப்பட்ட தூணொன்றை அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தில் காணலாம். கேரளத் தொல்லியல் துறை இவ்வரண்மனையைப் பேணி வருகின்றது. காண வருவோர் காலணியைக் கழற்றிவிட்டே உட்புகுதல் வேண்டும். காலணியில் ஒட்டிய மணல் தளத்தை அராவித் தேய்க்குமன்றோ?

மணலேயன்றி, ஈரமும் கறையானும் மரத்தின் பகைகளாம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கிற்குக் குறைந்திருப்பின், அதனை உளுக்கச் செய்யும் பூஞ்சை வளராது. ஆதலின் பழைய தளத்தைச் செப்பனிடப் புகுவோர், முதலில் கூரை ஒழுக்கையும் சுவரின் கசிவையும் அடைத்தல் வேண்டும். நோயின் காரணத்தை நீக்காது மருந்திடுதல் வீணாகும்.

அடுத்து, தளம் எப்பொருளால் ஆயது எனத் தெளிதல் வேண்டும். பத்மநாபபுரத்தில் கண்ணாடிபோல் ஒளிரும் கருந்தளங்கள், தேங்காய்ச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றால் ஆயின என்பர். பலகைக்கு உரிய முறை அத்தகைய தளத்திற்கு ஒவ்வாது.

பலகைத் தளமாயின், ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். உள்ளீடு அற்ற ஓசை எழுமிடத்தில் கறையான் அரித்திருத்தல் கூடும். பழுதான பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இன மரத்தில், அதே இழையோட்டம் அமையுமாறு ஒட்டுப்பலகை பொருத்துவர். வெளிறு விலக்கி, வைரம் பாய்ந்த கட்டையையே தேர்வர். எழும்பி நிற்கும் ஆணிகளை மேற்பரப்பிற்குக் கீழே இறக்குவர்.

அதன் பின்னரே பரப்பை மெருகிடுவர். முதலில் பரும்பரலும் பின்னர் நுண்பரலும் கொண்ட உப்புத்தாளால், இழையோட்டத்தின் வழியே தேய்ப்பர். குறுக்கே தேய்ப்பின் கீறல் விழும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதன் தூள் நஞ்சாதலின், ஆராயாது தேய்த்தல் தகாது. தூசு நீக்கிய பலகையில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, நன்கு உலர்ந்தபின் தேன்மெழுகால் மெருகேற்றுவர். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிதல் கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்துதலே முறை.

இப்பணியில் விரைவே பெருங்கேடு விளைப்பது. ஒரு பலகையின் விளிம்பிலுள்ள நாக்கு, அடுத்த பலகையின் காடியில் பொருந்தி நிற்கும். அக்காடிக்கு மேலுள்ள கனம் சிறிதே. தேய்ப்பு இயந்திரத்தைக் கருத்தின்றி ஓட்டினால், புதுமைப் பொலிவு தோன்றும், பலகையோ மெலியும். இவ்வாறு சில முறை செய்தால் காடியின் உதடு பிளந்து தளமே பாழாகும். இழைத்துச் சீவிய மரத்தை மீட்டும் ஒட்டவைக்க எந்தத் தச்சராலும் இயலாது. ஆதலின், சிறு கீறல்களையும், பல தலைமுறையினர் நடந்து நடந்து ஏற்பட்ட மெல்லிய பள்ளங்களையும் அவ்வாறே விடுதல் அறிவுடைமை. அவை பழுதல்ல, அவ்வில்லில் வாழ்ந்தோரின் சுவடுகள்.

செப்பனிடுதல் எப்பொழுதோ ஒருமுறை நிகழ்வது. மணலை நாள்தோறும் பெருக்குதலும், சிந்திய நீரை உடனே துடைத்தலும் எவரும் செய்தற்கு எளியவை. அவ்விரண்டும் தவறாது நடைபெறும் இல்லத்தில் தச்சர்க்கு வேலை குறையும். திலகவதியார் வைகறைதோறும் கையிலேந்திய அலகின் பெருமையும் அதுவே.